சங்கு ஊதினால் ஜன்னலைச் சாத்து

1

நேற்று புது நெல் வந்து இறங்கிவிட்டது. ஆற்றில் படகுகள் வரிசைகட்டி நிற்கின்றன. ரங்கூனில் இருக்கிற அரிசி மில்லெல்லாம் ஒன்றையொன்று பார்த்துப் புகைவிட ஆரம்பித்தாயிற்று. காலையில் கொடியில் உலர்த்திய வேட்டியை மத்தியானம் எடுக்கப் போனால் சாம்பல் பொட்டுப் பொட்டாக உட்கார்ந்திருக்கிறது. தட்டினால் போகாது, பரவும். புதிதாக வந்தவன்தான் தட்டுவான். நான் இந்த ஊருக்குப் பதினோரு வருஷத்துப் பழையவன். உதறாமல் சுருட்டி வாளியில் போட்டேன்.

ஆம்பூரிலிருந்து கடிதம் எழுதுகிற தோஸ்துகள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "உனுக்கு ரங்கூன்ல இன்னாப்பா குறைச்சல்?" என்கிறார்கள். குறைச்சல் ஒன்றும் இல்லை ஐயா, எல்லாம் ஜாஸ்திதான். அரிசி ஜாஸ்தி, மழை ஜாஸ்தி, புகை ஜாஸ்தி. அந்தப் புகையைக் கிளப்புகிறவர்களில் நானும் ஒருவன். ஆற்றங்கரையில் ஒரு மில்லில் பாய்லர் ஓட்டுகிறேன். இங்கே பாய்லருக்கு விறகு கிடையாது. நெல்லைக் குத்தி எடுத்த உமியையே அடுப்பில் கொட்டி எரிப்போம். உமி எரிந்து, சாம்பல் புகைக்கூண்டு வழியாக மேலே போய், ஊர் முழுவதும் இறங்கும்.

என் மனைவி எஸ்தரும் மகள் ரூத்தும் மூன்று வருஷமாக ஆம்பூரில் என் அக்கா வீட்டில் இருக்கிறார்கள். ஏன் அப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ரூத்துக்கு மூச்சுத்திணறல். இந்த ஊர்க் காற்று அவளுக்கு ஆகவில்லை. என் சோறு இந்த ஊர்ப் புகையில் வேகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து மூன்று வருஷமாக உருண்டுகொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்தேன் என்றில்லை.

2

நாம் தோல் பதனிடுகிற ஷாப்புக்காரர்கள். நம்மிடம் ஒரு கோணல் புத்தி உண்டு. அதை இந்த ஊருக்கு வந்துதான் கண்டுகொண்டேன். காற்று நல்லதா கெட்டதா என்று நாம் மூக்கைத்தான் கேட்போம். நாறினால் கெட்டது, நாறாவிட்டால் நல்லது. அதற்கு மேல் யோசிக்க மாட்டோம்.

ஏன் யோசிக்கப் போகிறோம்? பிறந்தது முதல் நம்மை நாற்றத்தை வைத்துத்தானே எடை போட்டார்கள். என் தகப்பனார் சுண்ணாம்புக் குழியில் தோலை முக்கி எடுக்கிறவர். ரயிலில் அவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். வேலூரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் என்னை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தார். காற்று வரட்டும் என்பதற்காக அல்ல, என் வாசனை வெளியே போகட்டும் என்பதற்காக! அன்றைக்கு வந்த ரோஷம் இன்றைக்கும் தீரவில்லை. நாறாத ஊருக்குப் போவேன், நாறாத தெருவில் என் பிள்ளையை வளர்ப்பேன் என்று சபதம் செய்துகொண்டுதான் கப்பல் ஏறினேன்.

ரங்கூனில் எங்கள் முதல் வீடு மீன் மார்க்கெட்டை ஒட்டியிருந்தது. பர்மாக்காரர்கள் நாப்பி என்று ஒன்று வைத்திருப்பார்கள். மீனையும் இறாலையும் உப்புப் போட்டு அழுகவைத்து இடித்த விழுது. சோற்றில் அது இல்லாவிட்டால் அவர்களுக்குத் தொண்டையில் இறங்காது. தெரு முழுவதும் அந்த வாடை. ரூத் அங்கேதான் பிறந்தாள், தவழ்ந்தாள், பக்கத்து வீட்டு பர்மாக் குழந்தைகளோடு ஓடினாள். ஒரு தும்மல் கிடையாது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. எந்த நாற்றத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்தேனோ அது வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று தினம் எரிந்து விழுவேன்.

ரூத்துக்கு நாலரை வயதாகும்போது மில்லை ஒட்டிய சந்தில் ஒரு வீடு காலியாயிற்று. போய்ப் பார்த்தேன். அடடா, என்ன வாசனை! புதுத்தவிட்டு வாசனையும், அரிசி வறுத்தாற்போல உமிப்புகை வாசனையும் சேர்ந்து மணந்தது. அந்த இடத்திலேயே சரி என்று சொல்லிவிட்டேன். எஸ்தர் மட்டும் ஜன்னல் கட்டையை விரலால் தடவி, விரலைப் பார்த்தாள்.

"இன்னாங்க, இவ்ளோ கரி ஒட்டுது?"

"தொடச்சா போவுது. நாறுதா சொல்லு" என்றேன்.

நாறவில்லை. அன்று மாலையே பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினோம்.

3

முதல் வருஷம் சளி என்றோம். இரண்டாம் வருஷம் மழைக்காலக் குளிர் என்றோம். அந்தச் சமயத்தில் மழையே இல்லை என்பது வேறு விஷயம். தை பிறந்து மில் ஓட ஆரம்பித்தால் ரூத்தின் நெஞ்சில் சீட்டி அடிக்கும். படுக்க முடியாது. எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோள் இரண்டும் காதுவரை ஏற ஏற இழுப்பாள். கழுத்தெலும்புக்கு மேலே குழி விழும். அழக்கூட மாட்டாள். அழுவதற்கும் மூச்சு வேண்டுமே.

நம் மருந்தும் பார்த்தோம், இங்கிலீஷ் மருந்தும் பார்த்தோம். ஆடாதோடைக் கஷாயம், திப்பிலி தேனில் குழைத்து, எல்லாம் ஆயிற்று. தெருக்கோடி மருந்துக்கடைக் கம்பவுண்டர் நாயுடு தெலுங்கர், நல்ல மனுஷர். ஒரு தகர டப்பாவில் மூச்சுப்பொடி கொடுத்தார். ஊமத்தை இலையும் வெடியுப்பும் கலந்தது. தட்டில் ஒரு கரண்டி கொட்டி நெருப்பு வைத்து, எழும்புகிற புகையை முகர வேண்டும். புகையால் வந்த நோவுக்குப் புகையே மருந்து! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. பால் விடாத கெட்டிக் காப்பி கொஞ்சம் கேட்டது. அது எஸ்தர் தானாகக் கண்டுபிடித்தது.

ஒவ்வொரு பொருளையும் பழிசொன்னோம். வாழைப்பழம் வேண்டாம் என்றோம், தயிர் வேண்டாம் என்றோம். எதிர்வீட்டுப் பூனையைக்கூட விரட்டினேன், பாவம். மில்லைப் பழிசொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை. சோறு போடுகிற இடமல்லவா? அதைவிட, வாசனையாக இருக்கிற காற்று எப்படிக் கெட்டதாக இருக்கும் என்கிற அந்த மூக்குப் புத்தி வேறு.

பாய்லர் பரிசோதனைக்குச் சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பரிசோதனை என்றால் நெருப்பை அணைத்து, பாய்லரை ஆறவிட்டு, ஆளே உள்ளே இறங்கிப் பார்ப்பார்கள். நாலைந்து நாள் கூண்டில் புகை இருக்காது. அது முடிந்து நெருப்பு மூட்டிய இரண்டாம் நாள் கம்பவுண்டரிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் வழக்கம்போல, எப்போது ஜாஸ்தியாகிறது என்று கேட்டார். நான் குளிர், பனி என்று ஆரம்பித்தேன். எஸ்தர் குறுக்கே பேசுகிறவள் அல்ல. அன்றைக்குப் பேசினாள்.

"மில்லு நின்னிருந்த நாள்ல குழந்தை மல்லாந்து படுத்து தூங்கிச்சிங்க. மில்லு ஓடினா எழுந்து குந்திக்குது. மூணு வருசமா பாக்கறேன். சொன்னா இவருக்குக் கோவம் வரும்னு சொல்லல."

கம்பவுண்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மில் உடுப்போடு நின்றேன். கையில், காலில், காது மடலில் எல்லாம் அந்தச் சாம்பல். தினமும் பன்னிரண்டு மணி நேரம் அடுப்பில் உமி அள்ளிப் போட்டு என் பிள்ளையை நானே இழுக்க வைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த அவமானத்தை எழுதத் தெரியவில்லை.

4

வீடு மாறலாம் என்றால் அதற்குள் மில் ஆள் மில் சந்தில்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டுமாம். வேலை மாறலாம் என்றால் பாய்லர்க்காரனுக்கு இந்த ஊரில் எந்த மில்லுக்குப் போனாலும் உமிதான். அதனால் நான் ஒரு தந்திரம் செய்தேன்.

புகை எப்போதும் ஒரே மாதிரி வராது. அடுப்பைக் கிளறி, கூண்டுக்குப் போகிற வழியில் அடைத்திருக்கிற சாம்பலை வாரிவிடுவோம். பகலில் இரண்டு தடவை, சில நாள் மூன்று. அப்போதுதான் கூண்டிலிருந்து கறுப்பாக ஒன்று புறப்பட்டு நேரே சந்துக்குள் இறங்கும். அந்தக் கால்மணி நேரம் ரூத் ஜன்னல் சாத்திய அறைக்குள் இருந்துவிட்டால் பாதி தொல்லை கம்மி. நேரம் முன்கூட்டித் தெரியாது, நெருப்பின் போக்கைப் பொறுத்தது. எனக்கு மட்டும்தான் தெரியும். பாய்லருக்குப் பக்கத்திலேயே, நீராவியில் ஊதுகிற மில் சங்கின் கயிறு தொங்குகிறது.

கிளறுவதற்கு முன்னால் அந்தக் கயிற்றைச் சின்னதாக ஓர் இழுப்பு இழுத்துவிடுவேன். 'பூம்' என்று அரை மூச்சுச் சத்தம், அவ்வளவுதான். வேலை தொடங்குகிற, முடிகிற நேரச் சங்கு நீளமாக இருக்கும், இது குட்டை. எஸ்தர் ரூத்தை உள்ளே இழுத்து, ஜன்னலைச் சாத்தி, ஈரச்சாக்கைத் தொங்கவிட்டுவிடுவாள். ரூத் அதற்கு 'நைனா சங்கு' என்று பெயர் வைத்திருந்தாள். நைனா கூப்பிடுகிறார் என்று தானாகவே விளையாட்டைவிட்டு ஓடி வருவாளாம்.

இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. ரகசியம் எங்கே நிற்கும்? சந்தில் இருக்கிற பெண்பிள்ளைகள் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். குட்டைச் சங்கு கேட்டால் தமிழச்சி, தெலுங்குக்காரி, ஒரியாக்காரி எல்லோரும் ஓடிவந்து கொடித்துணியை எடுப்பார்களாம். ஒருநாள் மில்லின் பெரிய என்ஜினியர் துரை சந்து வழியாக வந்தார். சங்கு ஊதியதும் இருபது ஜன்னல் படபடவென்று சாத்திக்கொள்வதைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் ஹெட் கிளார்க் காகிதம் நீட்டினார். நேரமல்லாத நேரத்தில் நீராவியை விரயம் செய்து சங்கு ஊதியதற்கு எழுத்து மூலம் சமாதானம் சொல்ல வேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. ஆம்பூர் பாய்மார்களிடம் கற்ற ஹிந்துஸ்தானியில், குழந்தைக்கு மூச்சு நோவு ஸாஹேப் என்று வாயால் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். என்ன எழுதினாரோ தெரியாது, நான் கைநாட்டு வைக்காமல் தமிழில் கையெழுத்துப் போட்டேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. சமாதானம் ஏற்கப்பட்டது, ஆனால் சங்கு மில்லின் உபயோகத்துக்கு மட்டும். கயிற்றுக்கு ஒரு பூட்டுப் பெட்டி செய்து சாவியைப் போர்மனிடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வாரமே ரூத்துக்கு உதடு நீலம் பாய்ந்தது. நாயுடு ஓடிவந்து ஊசி போட்டார். குழந்தை கொஞ்சம் தெளிந்ததும் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊருக்கு அனுப்பிடப்பா. இன்னொரு சீசன் இது தாங்காது" என்றார்.

5

கப்பல் ஏறப் போனால் துறைமுகத்தில் நிரப்பித் தரச்சொல்லி ஒரு பாரம். அதில் அம்மை, காலரா, பிளேக், ஜுரம் என்று கட்டம் கட்டமாக அச்சடித்திருக்கிறது. குமாஸ்தா ரூத்தைப் பார்த்தார். அவள் என் தோளில் சாய்ந்து 'கொய்ங், கொய்ங்' என்று இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

"இதுல மூச்சுக்குக் கட்டம் இல்லியே" என்றார்.

"அப்ப இன்னா பண்றது?"

"ஒண்ணுமில்லேன்னு போடு."

இழுக்கிற குழந்தையை வைத்துக்கொண்டு நோய் ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சர்க்கார் காகிதத்தில் நான் எழுதிய பெரிய பொய் அதுதான்.

ஆச்சரியம் என்னவென்றால், கடலில் மூன்றாம் நாளே சீட்டி நின்றுவிட்டது. பட்டணத்தில் இறங்கும்போது குழந்தை கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டு நடந்து வந்தாள். எனக்கு மறுபடி கர்வம் தலைக்கேறிவிட்டது. ஆம்பூர் ரயிலடிக்கு ஒரு மைல் முன்பே நம் வாடை வண்டிக்குள் ஏறுமே, பெட்டியில் இருந்தவர்கள் துண்டை மூக்கில் வைத்தார்கள். நான் பதறிப்போனேன். இந்த நாற்றத்திலா குழந்தையை விடுவது? அக்கா மார்த்தாள் வீடு சுண்ணாம்புக் குழிச் சுவருக்குப் பின்னாலேயே இருக்கிறது. அங்கே வேண்டவே வேண்டாம் என்று, ஊருக்கு மேற்கே நாறாத தெருவாகப் பார்த்து ஒரு வீடு பிடித்தேன்.

அங்கே நாற்றம் துளிகூட இல்லை. லேசாக ஒரு நல்ல வாசனை வேறு வந்தது, இனிப்பும் துவர்ப்புமாக. நாலாம் நாள் காலையில் ரூத் எழுந்து உட்கார்ந்து கையை முழங்காலில் ஊன்றினாள். ரங்கூனில்கூட அப்படி இழுத்ததில்லை. ஜன்னல் கட்டையில் மஞ்சளாக மாவு படிந்திருந்தது. எஸ்தர் அதை விரலால் தடவினாள், என்னிடம் நீட்டினாள்.

அக்கா வந்தாள். தோல் காயப்போடுகிற களத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன்டா ஆசீர், ஆண்டவன் உனுக்கு மூக்கு மட்டும்தான் வச்சானா? புத்தி வெக்கலியா? பின்னால இன்னா இருக்குதுன்னு பாத்தியா? தோலுக்குப் போடற ஆவாரம்பட்டை இடிக்கிற கொட்டா! அங்க வேலை செய்றவனே வாய்ல துணி கட்டிக்கினு செய்றான். அங்க கொண்டாந்து மூச்சு வராத குழந்தைய வெச்சிருக்க!"

"தெரு நாறலியேக்கா..."

"நாறல! நாறினா செத்தா பூட்டாங்க? நான் நாத்தத்துலயே பொறந்து நாத்தத்துலயே வளந்தேன். இதோ குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். குழியில எல்லாம் ஈரம்டா. ஈரத்துல ஏது தூசி? நாத்தம் மூக்கோட நின்னுடும். தூசி நெஞ்சுக்குள்ள பூடும். ரங்கூன் போயி பெரிய பாய்லர் ஓட்ற, இது தெரியல. எடு பொட்டிய!"

ரூத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அக்கா வீட்டு வாசலில் கண் எரிகிற நாற்றம். ரூத் மூக்கைப் பொத்திக்கொண்டு பர்மா பாஷையில் ஏதோ திட்டினாள். ஆனால் அன்று மத்தியானம் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். நாற்றம் மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் நெஞ்சுக்குத் தூசியும் புகையும்தான் எமன், அந்த வீட்டில் அவை கம்மி. இரண்டு தடவை என் மூக்கு என்னை ஏமாற்றியது. இரண்டு தடவையும் தண்டனை அவளுக்கு.

எஸ்தரையும் அவளையும் அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பினேன். வேலை இங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் பாய்லர் உள்ள ஷாப் அப்போது ஒன்றிரண்டுதான், அதிலும் ஆள் இருந்தான். குழிவேலைக்குப் போ என்றால் பாழாய்ப்போன ரோஷம் விடவில்லை.

6

மழைக்காலக் கடைசியில் நெல் வரத்து குறையும்போது வருஷத்துக்கு ஒரு தடவை லீவு கிடைக்கும். முதல் வருஷம் போனபோது ரூத் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இரண்டாம் வருஷம் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மூன்றாம் வருஷம், அதாவது இப்போது போய்வந்த தடவை, நல்ல டம்ளரில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். விருந்தாளிக்குக் கொடுக்கிற டம்ளர் அது.

"ஒரு மாசம் இருப்பியா நைனா?" என்றாள்.

"இருபது நாள்."

"அத்தே, இருபது நாளுக்கு அரிசி பாத்துக்கோ" என்று உள்ளே குரல் கொடுத்தாள். எஸ்தர் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பர்மா பாஷை முழுவதும் மறந்துவிட்டது. சின்ன வயதில் தண்ணீருக்கு 'யே' என்பாளே என்று நினைவூட்டிப் பார்த்தேன். அப்படியா என்று கேட்டாள். இப்போது அவள் பேசுவதெல்லாம் அக்கா பேச்சு. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பேஜார் பண்ணாதே என்று என்னையே அதட்டுகிறாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாளாம். என் பிள்ளை ஓடினாள்! அதைக் கேட்டு நான் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். அவள் என்னைவிட்டு விலகிப்போகிறாள் என்று ஒரு பக்கம் வயிறு எரிகிறது. விலகினால்தான் மூச்சுவிடுகிறாள் என்றால் நான் என்ன சொல்ல முடியும்?

இன்னொன்றும் கவனித்தேன். மூச்சு விஷயத்தில் அவள் இப்போது கெட்டிக்காரி. காலையில் வாசலுக்கு வந்து மரக்கிளை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்ப்பாள். காற்று பட்டைக் கொட்டாய்ப் பக்கமிருந்து வந்தால் அன்றைக்குச் சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போவாள். வீட்டைப் பெருக்குமுன் அத்தையைத் தண்ணீர் தெளிக்கச் சொல்வாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே கற்றுக்கொண்டது.

7

திரும்புகிற நாள் வந்தது. அக்காவும் எஸ்தரும் கட்டுச்சோற்று மூட்டையோடு பின்னால் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். ரூத் எனக்கும் முன்னால் ஓடினாள். ரயிலடி மேட்டில் நான் நின்றேன். கொஞ்சம் நடந்து மறுபடி நின்றேன். மூன்றாம் தடவை நின்றபோது அவள் திரும்பி வந்தாள்.

"இன்னா நைனா பாக்கற?"

"ரயில் வருதான்னு."

"ரயிலு அந்தப் பக்கமாதான் வரும்."

பதில் சொல்ல மூச்சில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பெட்டியை இறக்கச் சொன்னாள். என்னை அதன்மேல் உட்காரவைத்து, என் முதுகுப்பக்கம் போய்க் காதை ஒட்டிவைத்தாள்.

"பேசாத இரு... சீட்டி அடிக்குது."

"எங்கியோ வண்டி வருது."

"உள்ள அடிக்குது நைனா. எத்தினி நாளா?"

போன சீசனிலிருந்து. ஐம்பது படி ஏறினால் இழுக்கும். சாம்பல் வாருகிற நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாயுடுவின் தகர டப்பா இப்போது என் தலைமாட்டில் இருக்கிறது. எஸ்தருக்கு எழுதுகிற கடிதத்தில் நலம் நலம் என்றே எழுதினேன். ஊரில் இருந்த இருபது நாளும் சுண்ணாம்பு நெடி தொண்டையைப் பிடிக்கிறது என்று சொல்லியே சமாளித்தேன். பத்து வயதுப் பிள்ளை ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"முட்டியில கைய ஊனு. தோள தூக்காத. உதட்ட குவிச்சி மெதுவா ஊது. நான் எண்றேன், நீ எண்ணாத" என்றாள். அவள் எண்ணினாள், நான் ஊதினேன். பின்னால் பெண்கள் மேட்டில் ஏறிவருகிற பேச்சு கேட்டது.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றேன். "சத்தியமா சொல்ல மாட்டேன்னு சொல்லு."

அவள் முன்பக்கம் வந்து நின்றாள். "எனுக்கு அந்தக் காத்து ஆவலேன்னு என்ன இங்க கொண்டாந்து உட்ட. உனுக்கும் ஆவல. உன்ன யாரு கொண்டாந்து உடுவாங்க?"

"நானே வந்துடுவேன். இன்னும் ஒரே சீசன்."

நம்பவில்லை. ஆனால் சத்தியம் செய்தாள். நான் அவள் கையைப் பிடித்துக் கட்டாயப்படுத்தினேன். எஸ்தர் வந்து சேர்ந்தபோது ரூத் பாண்டி ஆடுகிறவளைப்போல ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்தாள். ரயில் புறப்பட்டபோது கையாட்டவில்லை. என் வாயையே பார்த்தபடி தன் உதட்டைக் குவித்துக் காட்டினாள்.

இன்றைக்கு மில்லில் முதல் நாளே மூச்சு முட்டி உமி அள்ளுகிற பலகையில் உட்கார்ந்துவிட்டேன். போர்மன் என் இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார். நானே வந்துவிடுவேன் என்று பிள்ளையிடம் சொன்ன வாய்தான். இங்கே அறையிலிருந்து குழாயடிக்கு மூன்று இடத்தில் நின்று போகிறேன். துறைமுகம் வரை பெட்டியோடு போய், பாரம் எழுதிக் கொடுத்து, கப்பல் ஏணியில் ஏற என்னால் ஆகாது. குழிவேலையோ எந்த வேலையோ, ரோஷமெல்லாம் போய்விட்டது. எஸ்தருக்கு இதை ஆறு தடவை கடிதமாக எழுதினேன். ஆறும் நலம் என்றே முடிந்தன, கிழித்துப் போட்டேன். அதனால் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஆசிரியர் அச்சுப் போட்டுவிட்டால் திரும்ப வாங்க முடியாதல்லவா?

எஸ்தர், இந்தப் பத்திரிகையை மாதாமாதம் உனக்கும் அக்காவுக்கும் ரூத்தான் உரக்கப் படித்துக் காட்டுகிறாள். இந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு உன் முகத்தைப் பார்ப்பாள். அவளை வையாதே. சத்தியம் வாங்கியவன் நான், இத்தனை நாள் தனியாகச் சுமந்தவள் அவள். உன் கோபத்தை நான் வந்த பிறகு வைத்துக்கொள், வேண்டிய மட்டும் திட்டு. முதலில் உன் அண்ணனை அனுப்பி என்னைக் கூட்டிப்போகச் சொல். தானும் போகிறேன் என்று ரூத் அடம்பிடிப்பாள். எப்படி மூச்சுவிடுவது என்று நைனாவுக்குத் தெரியாது, நான்தான் எண்ண வேண்டும் என்பாள். அவளை மட்டும் கப்பல் ஏற்றாதே.